இருபத்துமூன்றாம் தட்டு

உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது சண்முகவேலின் ஜவுளிக்கடை. கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு மதியச் சோறு மாடியிலேயே. அங்கே அலமாரியில் முப்பத்தோரு எவர்சில்வர் தட்டுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு நம்பர். சீர்ப் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிற ஆளைக் கூட்டிவந்து சண்முகவேலின் மனைவி தங்கபுஷ்பம் வெட்ட வைத்தது அது. தின்ற தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டு, "என்னுது இல்ல, ஒன்னுது" என்று நித்தமும் நடந்த சண்டை, நம்பர் விழுந்த அன்றோடு நின்றுபோனது.

யாராவது ஊருக்குப் போயிருந்தால் அவருடைய தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்ந்த தட்டைப் பார்த்துத்தான் சமையல்காரர் உலையில் அரிசி போடுவார். வேலையை விட்டே நின்றுவிட்டவரின் தட்டு பாத்திரக்கடைக்குப் போகும், நம்பரைத் தேய்த்து அழிக்க.

முதல் பந்தி ஊர்க்காரர்களுக்கு. நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்திலிருந்து வந்து கடையிலேயே படுத்துக் கடையிலேயே எழுந்திருக்கிற விற்பனையாட்கள் அவர்கள். கடைசிப் பந்தி பட்டணத்துப் பெண்கள் நாலு பேருக்கு. பெருக்குவது, தண்ணீர் கொண்டுவருவது, எல்லாவற்றுக்கும் மேலே, சேலை மடிப்பது அவர்கள் வேலை. ஒரு கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்து எழுந்து போனால் மெத்தையில் அறுபது சேலை மலைபோலக் குவிந்து கிடக்கும். எடுப்பது ஒன்றாக இருக்கும். மடிக்க வேண்டியது ஐம்பத்தொன்பது. அதில் முத்தம்மாவை மிஞ்ச ஆளில்லை. முந்தியைத் தாடைக்கடியில் இடுக்கி, இரண்டு கையையும் ஒருமுறை அகல விரித்து உதறினால் ஆறு கெஜமும் அவள் சொன்னபடி கேட்கும். தட்டு நம்பர் இருபத்துமூன்று. சைதாப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே ஆற்றோரக் குடிசை. புருஷன் இல்லை. தேவானை என்று ஒரே பெண்.

சண்முகவேலுக்கு ஒரு தங்கை, ஜெயபாரதி. நம்முடைய கதை அவளைப் பற்றியதுதான். இருபத்தாறு வயது, கட்டிக் கொடுக்கவில்லை. மனோதத்துவம் படித்து முடித்தவள், அதற்குமேல் குற்றவியலில் ஆராய்ச்சி என்று கடற்கரைப் பக்கத்து யுனிவர்சிட்டிக்குப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், "பொண்ணு என்ன படிக்கா?" என்று கேட்டு, "திருட்டைப் பத்தி" என்று பதில் வந்ததும் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் தங்கபுஷ்பம். சண்முகவேல் மட்டும் சிரிக்கமாட்டார். அப்பா இல்லாத தங்கையைப் படிக்க வைத்தவர் அவர்தான்.

அவளுக்கு வழிகாட்டி பேராசிரியர் ஹபீபுர் ரஹ்மான். மெதுவாகப் பேசுகிற மனிதர். "போலீஸ் ஸ்டேஷன் காகிதத்திலே பிடிபட்டவன்தான் இருப்பான், அம்மா. பிடிபடாதவங்களை எப்படிப் படிப்பே? அவங்களையே கேளு. ஆனா பேர் மட்டும் எழுதிடாதே. பேர் எழுதின நிமிஷம் நீ ஆராய்ச்சிக்காரி இல்லை" என்றார்.

வேலை பார்க்கிற இடத்தில் வேலையாட்களே எடுத்துப்போவதுதான் அவள் தலைப்பு. கேட்பதற்கு அவளுக்கு ஒரு கடை வேண்டியிருந்தது. அண்ணன் கடையை விட்டால் எது?

"ஏட்டி, கள்ளனப் பத்திப் படிக்கதுக்கு இம்புட்டுத் தூரம் பஸ்ல போணுமா? நம்ம கடைல வந்து உக்காரு, நெறயப் பேர் வருவான்" என்றார் சண்முகவேல்.

"அதுக்குத்தான் அண்ணே வந்து நிக்கேன். ஒவ்வொருத்தரையும் தனியா வச்சுக் கேக்கணும். ஆனா யாரு என்ன சொன்னான்னு நீங்க எங்கிட்ட கேக்கப்படாது."

"கேட்டா?"

"கேட்டா அது போலீஸ் வேல."

"சரி, கேக்கல. போன தீவாளிக்குப் பன்னெண்டு சேல காங்கல. காத்தா தூக்கிட்டுப் போச்சு? அதயும் ஒன் ஆராய்ச்சில எழுதிக்க."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலு ஆனி மாதம் அது. தகரக் கூரை காய்ந்து மாடி உலையாகக் கொதித்தது. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு பாய். சாப்பிட்டுவிட்டுத் தட்டும் கையுமாக வருகிறவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து ஜெயபாரதி கேட்டாள். யாரைக் கேட்டோம், யாரைக் கேட்கவில்லை என்று தெரிய ஒரு அடையாளம் வேண்டும். பேர் கூடாது. அவர்கள் கையிலேயே இருந்ததே நம்பர்! தட்டைப் பார்த்துக் காகிதத்தின் மேல் மூலையில் குறித்துக்கொண்டாள். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

இரண்டாம் நம்பர் தட்டுக்காரர் இசக்கிமுத்து, பட்டுச்சேலைப் பகுதிக்கு மூப்பர். கேள்வி முழுதாக வெளியே வருமுன் காதைப் பொத்திக்கொண்டார். "முருகா! அண்ணாச்சி கடைல ஒரு குண்டூசி எடுத்தாக்கூட எனக்குச் சோறு செமிக்குமா, தாயி?" அவரைப் போலவே எல்லோரும் இல்லை, இல்லை என்றார்கள். முப்பது காகிதம், முப்பது 'இல்லை'. இதை வைத்து என்ன ஆய்வேடு எழுத?

கடைசியாக வந்தவள் முத்தம்மா.

"இன்னா பாப்பா, அல்லாரையும் கூப்ட்டுக் கூப்ட்டுக் கேட்டுக்கினு கீறியாமே. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே."

"நான் படிக்கேன், நீங்க பதில் சொன்னாப் போதும். பேரு எழுத மாட்டேன்."

"பேரு எழுதலேன்னா நான்தான் சொன்னேன்னு ஒனக்கு எப்டித் தெரியும்?"

"எனக்கே தெரிய வேண்டாம்னுதான்."

முத்தம்மா சிரித்துவிட்டாள். "அப்போ நான் யாராண்ட சொல்றது?"

ஜெயபாரதியும் சிரித்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்து வாசித்தாள். வேலை பார்க்கிற இடத்திலிருந்து எதையாவது, எப்போதாவது, கேட்காமல் எடுத்துப்போனது உண்டா?

முத்தம்மா தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் பூக்காரி ஒருத்தி கூவிக்கொண்டு போனாள்.

"மூணு வர்சத்துக்கு மின்ன ஐப்பசில ஒரு மழ பெஞ்சிச்சே, ஞாபகம் கீதா? ஆத்துத் தண்ணி குட்சைக்குள்ள பூந்து அண்டா, பாயி, துணி அல்லாத்தையும் வாரிக்கினு பூட்ச்சு. எங்கள ஸ்கூலு கட்டடத்துல போட்டு வெச்சிருந்தாங்க. அந்த வாரந்தான் எம் பொண்ணு வயசுக்கு வந்து ஒக்காந்துச்சு. தலைக்கு ஊத்துனா மாத்திக் கட்டிக்கத் துணி வோணுமில்ல? நூறு பேரு பாத்துக்கினு கீறாங்க, ஈரத்துணியோட கொயந்த மூலைல குந்திக்கினு கீது."

"ம்."

"பச்சப் பொடவ ஒண்ணு. கடுகு கலரு பார்டரு. முந்தில சாயம் ஒட்டிக்கினு யாருமே வாங்கல. ஆறு மாசமா நான்தான் அத்த மடிச்சு மடிச்சு வெப்பேன். என் பொடவைக்கு உள்ளாற ஒடம்புல சுத்திக்கினேன். படி எறங்கச்சொல்ல மொதலாளி பாத்துட்டு, 'என்ன முத்தம்மா, சதை போட்டுட்டே'ன்னாரு. அங்கியே செத்துட்டேன் பாப்பா." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கப்பறம் ஒரு நூலு தொட்டதில்ல. எம் பொண்ணாண்டக்கூட கடைல குட்த்தாங்கன்னுதான் சொன்னேன். நீ கேட்டே, வாயில வந்துடுச்சு. சொன்னப்பறம் ஒடம்பு லேசா கீது."

முத்தம்மாவின் உடம்பு லேசானது உண்மை. ஜெயபாரதியின் நெஞ்சோ சந்தோஷத்தில் துள்ளியது. கிடைத்துவிட்டது, ஒன்று கிடைத்துவிட்டது! எதிரே ஒருத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தனக்கு வந்தது சந்தோஷம் என்பதைப் பிற்பாடு அவளால் எத்தனை வருஷமானாலும் மறக்க முடியவில்லை. அழகான கையெழுத்தில் எழுதினாள்: 'இருபத்துமூன்று. பெண். மடிப்பு வேலை. ஒரு சேலை, பச்சை, கடுகு நிறக் கரை. உடம்பில் சுற்றி.'

பதினைந்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. கடைக்குப் பின்கட்டில்தான் அவர்கள் வீடு. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இங்கிலீஷில் பெயர்த்து டைப் அடிக்கக் கொடுக்க வேண்டும் என்று ஜெயபாரதி காகிதங்களைக் கூடத்தில் பரப்பி வைத்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் ஒன்று பறந்து குழம்புச் சட்டிப் பக்கம் போனது. தங்கபுஷ்பம் எட்டிப் பிடித்தாள்.

"நல்லவேள, குழம்புல குளிக்கப் பாத்துது" என்று சொல்லியபடி கண்ணை ஓட்டியவள், அப்படியே நின்றாள். "இருவத்திமூணு... ஏ, இது நம்ம முத்தம்மால்லா!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். அவள் கெட்டவள் அல்ல. முப்பத்தோரு தட்டும் யார் யாருடையது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள், அவ்வளவுதான்.

சண்முகவேல் கையை நீட்டினார். காகிதம் கைமாறியது. படித்தார்.

"பாரதி. இது தட்டு நம்பர்தான?"

கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர்தான். இப்போது கேட்கிறார். 'இல்ல அண்ணே, நானா போட்ட நம்பர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மதினி வாயை மூடிக்கொள்வாள், அண்ணன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், முத்தம்மா நாளைக்கும் சேலை மடிப்பாள். அண்ணனிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு. அதோடு இன்னொன்றும் உள்ளே இருந்தது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தன் ஆராய்ச்சியின் ஒரே முத்தைத் தானே போலி என்று சொல்வதா என்று ஒரு நினைப்பு. அண்ணன் ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டு விழுங்குகிற நேரம் அவள் தலைகுனிந்து நின்றாள். அந்த நேரமே பதிலாகிவிட்டது.

"அண்ணே, அவ மக..."

"போன தீவாளிக்குப் பன்னெண்டு சேல, ஏட்டி" என்றார் அவர். கை கழுவ எழுந்துபோனார்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். வேலைக்கு வந்த புதிதில், "இன்னாது, சோறு கறுத்துப்போய்க் கீது?" என்று மிரண்ட முத்தம்மா, இப்போதெல்லாம் சனிக்கிழமைக்குக் காத்திருப்பாள். கடைசிப் பந்திக்குப் படியேறி வந்தவள் அலமாரியில் கைவைத்தாள். தட்டு கவிழ்ந்திருந்தது.

"யாருப்பா இது, நான்தான் குத்துக்கல்லாட்டம் வந்து நிக்கிறனே" என்று சிரித்துக்கொண்டே அதை நிமிர்த்தினாள். சமையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற மூன்று பெண்களும் அவளைப் பார்த்தார்கள்.

தங்கபுஷ்பம் வந்து நின்றாள். "முத்தம்மா, பச்சச் சேல. கடுகு பார்டரு. ஞாவகம் இருக்கா?"

முத்தம்மா அவளைப் பார்க்கவில்லை. அடுக்களை வாசலில் நின்ற ஜெயபாரதியைப் பார்த்தாள்.

"ஞாபகம் கீதும்மா" என்றாள். அப்புறம், "பாப்பா, பேரு எழுத மாட்டேன்னியே."

"எழுதல" என்றாள் ஜெயபாரதி.

அது உண்மைதானே? அவள் எழுதவில்லைதான். அந்த நேரத்தில் அந்த வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான். முத்தம்மா தட்டை மறுபடி கவிழ்த்து, அடுக்கு கலையாமல் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள். கீழே முதல் பந்திக்காரர்களோடு இசக்கிமுத்து சொல்வது மாடிவரை கேட்டது: "நம்ம பாரதி கள்ளியப் பிடிச்சிட்டா பாத்தியளா! படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்!"

திங்கட்கிழமை, பாத்திரக்கடைக்குப் போகவிருந்த அந்தத் தட்டை ஜெயபாரதி ஒரு பையில் போட்டுக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போனாள். என்ன சொல்வது என்று தெரியாது. தட்டையாவது கொடுப்போம், காலில் விழச் சொன்னால் விழுவோம் என்று போனாள். பாலத்துக்குக் கீழே சேறு காய்ந்து வெடித்திருந்தது. விசாரித்து வந்த குடிசையின் முன்னே கயிற்றில் ஒரு சேலை உலர்ந்துகொண்டிருந்தது. பச்சை வெளுத்துப்போயிருந்தது. கடுகு நிறக் கரை மட்டும் இன்னும் அப்படியே. முந்தியில் கைப்பிடி அளவுக்குச் சாயக் கறை.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "யாரு வோணும்?"

"முத்தம்மா இல்லையா?"

"அம்மா ஈக்காட்டுத்தாங்கல் போய்க்கீது, வேல தேடிக்கினு. நீ யாரு?"

"நான் கடையிலிருந்து..."

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தேவானை எழுந்தாள். ஒரே எட்டில் கயிற்றடிக்குப் போய்ச் சேலையைச் சுருட்டி இழுத்தாள். கயிறு தெறித்தது. ஈரம் காயாத அந்தச் சுருளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "இது எங்களுது. இது வேற. தர மாட்டேன்!" என்று குடிசைக்குள் ஓடிக் கதவுப் படலைச் சாத்திக்கொண்டாள்.

படலுக்கு வெளியே ஜெயபாரதி வெயிலில் நின்றாள். உள்ளே அந்தப் பெண் மூச்சு வாங்குவது கேட்டது. கூப்பிட்டு என்ன சொல்ல? தட்டு பையிலேயே இருக்க, திரும்பி நடந்தாள்.

மாசியில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர்கள் அந்த ஒற்றை 'ஆமாம்' என்ற பதிலைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஊழியர் எப்படி எடுக்கிறார், எதனால் எடுக்கிறார், வாசலில் பெண்களைப் பெண்களே சோதிக்க வேண்டும் என்று அவள் எழுதியிருந்த யோசனை, எல்லாவற்றையும் மெச்சினார்கள். எல்லாம் முடிந்து கைகுலுக்கும்போது ஹபீபுர் ரஹ்மான் கேட்டார்: "முப்பது பேர் மூடிக்கிட்டாங்க, ஒருத்தர் திறந்தார். அவர் பத்திரமா இருக்கார் இல்லையா, அம்மா?"

"இருக்காங்க சார்" என்றாள் ஜெயபாரதி.

அண்ணனிடம் வராத பொய், அங்கே தடுமாறாமல் வந்தது.

அடுத்த தீபாவளிக்குக் கடையில் பதினைந்து சேலை காணவில்லை. சண்முகவேல் தங்கையின் ஆய்வேட்டில் இருந்த யோசனையைக் கையில் எடுத்தார். மாடிப்படியடியில் ஒரு திரை தொங்கியது. சாயங்காலம் கிளம்பும் பெண்கள் ஒவ்வொருவராகத் திரைக்குள் போய்க் கையைத் தூக்குவார்கள், தங்கபுஷ்பம் தடவிப் பார்த்து அனுப்புவாள். "இந்தப் பாவத்த ஏன் எந்தலைல வச்சீங்க" என்று அவள் முணுமுணுத்தாலும் வேலை நடந்தது. விற்பனையாட்கள் முன்வாசல் வழியே கையை வீசிக்கொண்டு போய்வந்தார்கள். பாண்டி பஜாரில் இன்னொரு கடையிலும் திரை தொங்கியது. அதைப் பார்த்து மற்றொன்றிலும். ஜெயபாரதி விரிவுரையாளர் ஆனாள். முதலாளிகள் காரனுப்பிக் கூப்பிட்டு, சரக்கு எங்கே எப்படிக் கசியும், எந்தக் கதவுக்கு யாரைக் காவல் வைக்கலாம் என்று யோசனை கேட்டார்கள். அந்தத் தட்டு அவள் புத்தக அலமாரியில், ஆய்வேட்டுக்குப் பின்னால், கவிழ்ந்து கிடந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் ஈக்காட்டுத்தாங்கலில் பித்தளைத் திருகாணி செய்கிற ஒரு பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது. முதலாளி ஷரஃபுதீன் வாசலுக்கே வந்து வரவேற்றார்.

"வாங்க மேடம், வாங்க. கேட்ல பாத்தீங்களா? கையத் தூக்கிட்டு லைன்ல வருவாங்க. எல்லாம் தி.நகர்க் கடைங்கள்ல கேட்டுட்டு வந்து செஞ்சதுதான். உங்க ஐடியான்னாங்க. அப்பவும் பித்தளை போவுது மேடம். நான் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. நீங்க கேட்டாச் சொல்வாங்களாமே."

பட்டறை மூலையில் மேசை போட்டார்கள். மண்ணெண்ணெய் வாடை தலையைச் சுற்றியது. எண்ணெய்த் தொட்டியில் திருகாணி கழுவுகிற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒன்பதாவதாக வந்தவளின் கழுத்தில் கயிறு கட்டித் தகர டோக்கன் ஒன்று தொங்கியது. வந்து நின்றதுமே இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினாள். விரல்களெல்லாம் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

சேலையை உதறுவதற்கு விரிகிற கைகளை ஜெயபாரதிக்கு அடையாளம் தெரிந்தது. அப்புறம்தான் முகம் தெரிந்தது.

"இங்க வேண்டாம். கைய எறக்குங்க."

"பழக்கம் மேடம்."

"முத்தம்மா. நான் பாரதி."

"தெரியும் மேடம். கேக்கறதக் கேளு. நாலரை பஸ்ஸு பூடும்."

நாலு வருஷமாகத் தினமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எல்லாம் எங்கே போயின? "தேவானை நல்லா இருக்காளா?" என்றுதான் வந்தது.

"கட்டிக் குட்த்தாச்சு. கேள்வியக் கேளு மேடம்."

ஜெயபாரதி காகிதத்தைப் பார்த்தாள். அதே கேள்விதான். இத்தனை வருஷத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை அவள். வாசித்தாள். தன் குரல் தனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"இல்ல" என்றாள் முத்தம்மா.

பேனா காகிதத்தில் ஊன்றி நின்றது.

"எப்பவும் இல்ல. எங்கியும் இல்ல. எழுதிக்கோ."

எழுதினாள்.

"நம்பரு போடலியே?"

"வேண்டாம், முத்தம்மா. இப்பல்லாம் நம்பர் கிடையாது."

"போடு. நாப்பத்தாறு." டோக்கனைத் தூக்கிக் காட்டினாள். "இல்லேன்னு சொன்னவளுக்கு நம்பரு போட்டா இன்னா பயம்? நல்லாப் பாத்துப் போடு."

மேல் மூலையில் ஜெயபாரதி நாலும் ஆறும் எழுதினாள். எழுதப் படிக்கத் தெரியாத முத்தம்மா, குனிந்து அந்த நம்பரை மட்டும் சரிபார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

மணி அடித்தது. வாசலில் வரிசை நின்றது. வெயில் சாய்ந்து பட்டறைச் சுவர் முழுவதும் மஞ்சளாக இருந்தது. ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்க, சோதிக்கிற பெண் அக்குளும் இடுப்பும் தடவி, ம், போ என்று அனுப்பினாள். முத்தம்மாவும் தூக்கினாள், தடவினார்கள், போனாள். வரிசைக்கு வெளியே மேடத்துக்கென்று திறந்து வைத்திருந்த சின்னக் கதவருகே ஷரஃபுதீன் காத்துக்கொண்டிருந்தார்.

ஜெயபாரதி அந்தக் கதவுக்குப் போகவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றாள். தன் முறை வந்ததும் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"ஐயையோ, ஒங்களுக்கு எதுக்கு மேடம்!" என்று சோதிக்கிறவள் சிரித்துக்கொண்டே பின்வாங்கினாள். போய்க்கொண்டிருந்த இரண்டு மூன்று பெண்கள் திரும்பி நின்று பார்த்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் முத்தம்மா பஸ் படியில் கால் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை.

பஸ் கிளம்பிப் போன பின்னும் ஜெயபாரதியின் கைகள் இறங்கவில்லை. அவளைத் தொட்டுப் பார்க்க அங்கே யாருக்கும் துணிவு வரவில்லை.